மட்டக்களப்பில் பேக்கரிச் சாப்பாடும் கவனிப்பும் எப்படி, எந்தக் கடையை நம்பலாம்?

வேலை மாற்றலாகி மட்டக்களப்புக்கு வருகிறீர்கள், வாடகை அறை, சமைக்க வசதியில்லை, காலையும் இரவும் பேக்கரிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கல்லடிக்காரி, வேலை டவுனில். பின்னேரம் பாலம் தாண்டி வீட்டுக்குப் போகும் வழியில் பாண் வாங்குவது பல வருசமாக என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைப் பெயர் கேட்காதீர்கள். ஊர் சின்னது. அதோடு, இங்கே பேக்கரியின் ருசி பெயர்ப்பலகையில் இல்லை, உள்ளே பாண் சுடுகிற போறணைக்கு முன்னால் நிற்கிற பாஸின் கையில் இருக்கிறது. அவர் முதலாளியோடு கோபித்துக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்கோ கல்முனைக்கோ போய்விட்டால் அடுத்த கிழமையே பாண் வேறாகிவிடும். நான் இன்றைக்குச் சொல்கிற பெயர் நீங்கள் வந்து சேரும்போது சரியாக இருக்குமென்று உத்தரவாதமில்லை.

எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பதுதான் இங்கே பெரிய விசயம். அநேகமான பேக்கரிகளில் விடியப்புறம் ஒரு தரம், பின்னேரம் மூன்று நாலு மணிக்கு ஒரு தரம் போறணையிலிருந்து பாண் இறங்கும். அந்த நேரம் போனால் சுமாரான கடையிலும் நல்ல பாண் கிடைக்கும். இரவு எட்டு மணிக்குப் போனால் பெயர் பெற்ற கடையிலும் மிஞ்சியதுதான். ஆகவே நான் ஒரு கடையை எடைபோடுவது ஒரே ஒரு கேள்வியால்: "இது எப்ப போட்டது?" அதற்கு உண்மையான பதில் வருகிற கடைக்குத் திரும்பப் போவேன். "இப்பதான்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்கிற கடைக்குப் போகமாட்டேன், அங்கே கேக் எவ்வளவு வடிவாக அடுக்கியிருந்தாலும் சரி.

காத்தான்குடிப் பக்கம் ஒரு கடை. காசு மேசையில் இருக்கிற காக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கண்ணாடிப் பெட்டியில் மீன் பணிசைக் காட்டினேன். கையை நீட்டித் தடுத்தார். "அது காலையில போட்டது புள்ள. வெயில் நேரம், வேணாம். ரோல்ஸ் இப்ப பொரிச்சு வருது, அஞ்சு நிமிசம் நில்லுங்க." மீன் பணிஸ் அவருக்கு நட்டம், எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் விசேசம் என்றால் கட்லட்டும் ரோல்சும் அவரிடம்தான் சொல்லிவைப்பது. கவனிப்பு என்று நீங்கள் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். சிரித்த முகம், ஏசி, கதிரை எல்லாம் அதற்குப் பிறகு.

மீன் பணிசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருபவர்கள் அதில்தான் மாட்டுகிறார்கள். உள்ளே இருப்பது அவித்த உருளைக்கிழங்கும் மீனும் வெங்காயமும். ஈரமும் புரதமும் சேர்ந்த கலவை, நம்மூர் வெக்கையில் சில மணி நேரத்தில் பழுதாகிவிடும். மேலே பணிஸ் மெத்தென்று இருக்கும், மணமும் தெரியாது. பிட்டுப் பாருங்கள். கிழங்கு நூல் விடுகிற மாதிரி பிசுபிசுத்தால், புளிப்பு மணம் வந்தால் கீழே வையுங்கள். பற்றிஸ், ரோல்ஸ், கட்லட் மூன்றும் எண்ணெயில் பொரித்து வருவதால் கொஞ்சம் தாங்கும், ஆனால் மத்தியானம் பொரித்ததை இரவு திரும்பச் சூடாக்கித் தருகிற கடைகள் உண்டு. கடித்தவுடன் மேற்தோல் ரப்பராக இழுபட்டால் அதுதான். சீனிச் சம்பல் பணிஸ் பரவாயில்லை, சீனியும் எண்ணெயும் போட்டு வதக்கியது சீக்கிரம் கெடாது. சீனி தூவின கிம்புலா பணிசைப் பற்றிப் பயமே வேண்டாம், பழசானால் பல்லுத்தான் நோகும்.

டவுனில் ஒரு கடையில் பழுதான ரோல்ஸ் தந்தார்கள். அலுவலகத்துக்கு வாங்கிப் போய்ப் பிரித்துப் பார்த்தால் நாற்றம். திரும்பக் கொண்டுபோனேன். நின்ற பொடியன் ஒன்றும் பேசாமல் உள்ளே பார்த்தான். முதலாளி வந்து, "வேற ஆக்கள் ஒருத்தரும் சொல்லல்லையே" என்றார். காசைத் திருப்பித் தந்தார், அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பெட்டிக்குள் மிச்சமிருந்த அதே ரோல்சை எடுத்து எறியவில்லை. நான் வாசலால் இறங்கும்போது அடுத்தவருக்கு அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்கள். காசு தருவதும் தராததும் எனக்குப் பெரிசில்லை. பிழை தெரிந்த பிறகு அந்தத் தட்டை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

தட்டு என்றதும் இன்னொன்று. இருந்து தேத்தண்ணி குடிக்கிற கடைகளில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், கேக் துண்டு என்று கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். தின்றதை எண்ணிக் காசு எடுப்பார்கள். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். முன்னால் இருந்தவர் எதைத் தொட்டார், எதன்மேல் தும்மினார் என்று யாருக்குத் தெரியும். கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் கண்ணாடிப் பெட்டியும் இடுக்கியுமாக மாறிவிட்டது, எல்லா இடத்திலும் இல்லை. தட்டு வந்தால் "எனக்கு ரெண்டு பற்றிஸ் மட்டும் உள்ளேருந்து எடுத்துத் தாங்க தம்பி" என்று சொல்லிவிடுங்கள். ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். இடுக்கி இருந்தும் காசு எண்ணின கையாலேயே பணிசை எடுத்துப் போடுகிற ஆளிடம் மட்டும் நான் வாய் திறந்து சொல்லுவேன்.

பாண் வாங்குவது எப்படி? றோஸ்ட் பாண் என்றால் மேற்பக்கம் நல்ல சிவப்பாக, தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இருக்கவேண்டும். சுடச்சுட வாங்கினால் சொப்பிங் பேக்கின் வாயைக் கட்டாதீர்கள், ஆவி உள்ளேயே நின்று மொறுமொறுப்புப் போய்விடும், அடுத்த நாள் பூஞ்சணமும் பிடிக்கும். அச்சுப் பாணைச் சூட்டோடு துண்டு போடச் சொன்னால் நசுங்கிப்போகும், கொஞ்சம் ஆறட்டும். பக்கத்தை விரலால் அமத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். அறையில் பிரிட்ஜ் இருந்தால் பாணை அதற்குள் வைக்காதீர்கள். குளிரில் மாச்சத்து இன்னும் சீக்கிரம் இறுகும், வெளியே இருப்பதைவிட விரைவில் வறண்டுவிடும். உறைய வைக்கிற பெட்டி என்றால் சரி.

நிறை பற்றி: முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்று 2024இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் போட்டது. முழுப் பாணில் 13.5 கிராமும் அரைப் பாணில் 9 கிராமும் குறையலாம், அதற்கு மேல் கூடாது. 2022 நெருக்கடியில் மாவும் காஸும் இல்லாமல் விறகுப் போறணைக்காரர்கள்தான் சமாளித்தார்கள், அப்போது பாணும் பணிசும் சுருங்கியதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பிறகு மா கிடைத்தது, பணிஸ் பழைய அளவுக்கு வரவில்லை. பார்வைக்குப் பெரிய பாண் நிறை கூடிய பாண் இல்லை, உள்ளே காற்றுத்தான் அதிகம். கையில் தூக்கிப் பார்த்தாலே கொஞ்ச நாளில் பழகிவிடும்.

நீங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுபவரா என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர் என்றால் ஒன்று கேளுங்கள்: பணிசின் மேல் மினுக்கம் வருவதற்கு அநேகமாக முட்டை பூசுவார்கள். எங்கள் அம்மா இதைத் தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வெறும் பாணோடு சரி. மரக்கறி ரோல்சும் மீன் ரோல்சும் பெரும்பாலும் ஒரே தாச்சியில்தான் பொரிபடும். அதையும் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், கேட்காவிட்டால் தானாகச் சொல்வாரில்லை. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் பகலில் சாப்பாட்டுக் கடைகள் அநேகமாகப் பூட்டியிருக்கும். பின்னேரம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள், வருசத்திலேயே ஆகச் சூடான, ஆகப் புதிய ரோல்சும் சமோசாவும் அப்போதுதான். நின்று வாங்கப் பொறுமை வேண்டும்.

மெட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிற பாண் ஓட்டோவை நம்பலாமா என்றால், பாணுக்கு நம்பலாம், மீன் வைத்த எதற்கும் வேண்டாம். கண்ணாடிக் கூட்டுக்குள் வெயிலில் சுற்றி வந்தது அது. பிறந்தநாள் கேக்குக்கு இப்போது வீட்டிலிருந்து செய்து கொடுக்கிற பெண்கள் பேக்கரிகளைவிட நன்றாகச் செய்கிறார்கள், இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். பெயரை மட்டும் தமிழில் கடதாசியில் எழுதிக் கொடுங்கள், போனில் சொன்னால் ழகரம் போய்விடும்.

கடைசியாக முறைப்பாடு. பழுதான சாப்பாடு என்றால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், சாமானை எறிந்துவிட்டுப் போகாமல் கையோடு கொண்டுபோங்கள். நிறை, விலைப் பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம். இரண்டுக்கும் பில் இருந்தால் நல்லது. விலைப்பட்டியல் தெரிய வைப்பதும், கேட்டால் பில் தருவதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி கடைக்காரரின் கடமை. இரண்டு பணிசுக்குப் பில்லா என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், கேளுங்கள்.