பழைய சோல் பாடல்கள் (அமெரிக்கக் கறுப்பர்களின் 1960கள் காலத்து இசை) கேட்க ஆரம்பிக்கிறேன். எந்தப் பாடகரிடமிருந்து தொடங்கலாம்?

கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளில் பேஸ் கிடார், அதாவது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரங்களை ஓட்டும் கிடார், வாசிக்கிறவன் நான். அதனால் பதில் கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

நீங்கள் ஏதோ ஒரு ரீல்ஸில் ‘மை கேர்ள்’ கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்லது, அதிலிருந்தே தொடங்குங்கள். 1964 கடைசியில் வந்த பாட்டு, பாடியவர்கள் தி டெம்ப்டேஷன்ஸ். ஆனால் அதன் முன்னணிப் பாடகர் டேவிட் ரஃபின் வாய் திறப்பதற்கு முன்பே பாட்டு உங்களைப் பிடித்துவிடுகிறது. முதலில் பேஸ் தனியாக வரும். அதன்மேல் படியேறுவது போல ஒரு கிடார் வரும். பேஸ் ஜேம்ஸ் ஜேமர்சன், கிடார் ராபர்ட் வைட். இந்த இரண்டு பெயர்களும் அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளில் கிடையாது.

இருவரும் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோ கலைஞர்கள். ஃபங்க் பிரதர்ஸ் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என்று பாடகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பின்னால் பெரும்பாலும் இதே ஆட்கள்தான்.

ஸ்டீவி வொண்டரின் ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ பாட்டை எனக்குக் கொடுத்தது எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்த அண்ணன். “இதுல பாட்டைக் கேக்காத, கீழ ஓடுறதைக் கேளு” என்றார். கேட்டேன். ஒரு வரிகூட திரும்ப அப்படியே வரவில்லை. பாடகர் ஒரு பாட்டுப் பாடுகிறார், பேஸ் அடியில் இன்னொரு பாட்டுப் பாடுகிறது, ஆனால் எங்கேயும் முட்டிக்கொள்ளவில்லை. இரண்டு விரலால் அதைப் பிடிக்க நான் மாதக்கணக்கில் முட்டி மோதினேன். ஜேமர்சன் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே வாசித்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. நின்றபடி வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் பழகிய கை, அந்தப் பழக்கத்தை அப்படியே கிடாருக்குக் கொண்டுவந்துவிட்டது. கம்பிகளையும் மாற்றவே மாட்டாராம், அறுந்தால்தான்.

1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வந்தபோதுதான் மோட்டவுன் உறையில் இந்தக் கலைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சாயின. அடுத்த ஆண்டே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. பழைய ஆட்களில் பலர் டெட்ராய்டிலேயே விடப்பட்டார்கள். 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழாவைத் தொலைக்காட்சிக்காகப் பெரிதாக நடத்தினார்கள். ஜேமர்சனுக்கு அழைப்பில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்தார். வயது 47. குடிதான் காரணம் என்று நீங்கள் எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், ஆமாம், குடித்தார். அழைக்காமல் விட்டதற்கு அது சமாதானம் ஆகாது.

பாடகர்களை மட்டம் தட்டுகிறான் என்று சண்டைக்கு வராதீர்கள். அவர்களுக்கும் ஒன்றும் முழுசாகக் கிடைக்கவில்லை. ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை எழுதி 1965இல் முதலில் பாடியவர் ஓடிஸ் ரெடிங். 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் அதை எடுத்து, R-E-S-P-E-C-T என்று எழுத்து எழுத்தாகச் சொல்லும் அந்த இடத்தைச் சேர்த்து, ஒரு பெண் கேட்கும் மரியாதையாக மாற்றினார். இன்று அது யாருடைய பாட்டு என்று கேட்டால் எல்லோரும் அரீத்தா என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் ஏஎம், எஃப்எம் வானொலியில் எத்தனை முறை ஒலித்தாலும் எழுதியவர் பக்கத்துக்குத்தான் பணம். பாடியவருக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது.

அப்புறம், “மோட்டவுன் வெறும் பாப், மெம்ஃபிஸ்தான் அசல் சோல்” என்று ஒரு கோஷ்டி கிளம்பும். சரி, அதையும் கேளுங்கள். மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியில் புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் என்ற குழு, கறுப்பர்களும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். ஓடிஸ் ரெடிங்கின் ‘டாக் ஆஃப் த பே’யை அவரோடு சேர்ந்து எழுதியவர் அந்தக் குழுவின் கிடார்காரர் ஸ்டீவ் கிராப்பர். பதிவு முடிந்த சில நாட்களில், 1967 டிசம்பர் 10 அன்று, விமான விபத்தில் ஓடிஸ் போய்விட்டார். 26 வயது. அந்தப் பாட்டு வெளியானதையோ அது முதலிடத்துக்குப் போனதையோ அவர் பார்க்கவில்லை.

இவ்வளவு நீளமாக ஏன் எழுதுகிறேன் என்றால், போன முகூர்த்தத்தில் ஒரு மண்டபத்தில் தொகுப்பாளர் எல்லோரையும் அறிமுகம் செய்தார். பாதிப் பல்லவி பாடிய மாப்பிள்ளையின் சித்தப்பா மகனுக்குக்கூடக் கைதட்டல். பேஸ் வாசித்தவனை மட்டும் “மற்றும் குழுவினர்” என்று முடித்துவிட்டார். இப்போது அந்த “மற்றும்” கூட இல்லை. பல குழுக்களில் பேஸுக்குத் தனி ஆள் வைப்பதில்லை, ட்ராக்கை ஓடவிட்டு மேலே பாடிவிடுகிறார்கள். சம்பளம் மிச்சமாம். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், தெரியும்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் காதிலேயே விழாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலில் ‘மை கேர்ள்’, அடுத்து ஃபோர் டாப்ஸின் ‘பெர்னடெட்’, அப்புறம் ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’. பாடகர் யார் என்று அதற்குப் பிறகு தேடிக்கொள்ளலாம், அந்தப் பெயர்கள் சுலபமாகக் கிடைக்கும்.