படிக்கப் போன இடத்தில் சம்பளமா?

கேள்வி: அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களுக்குக் கல்லூரிகளே சம்பளம் கொடுக்க ஆரம்பித்துவிட்டனவாமே? படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். அதற்கு மேலும் கேட்பது பேராசை இல்லையா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் ஒரு திருத்தம். கொடுப்பது பணம்தான், ஆனால் அதைச் சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள். 'வருவாய்ப் பங்கு' என்பார்கள். சம்பளம் என்று சொல்லிவிட்டால் வாங்குபவர் ஊழியர் ஆகிவிடுவார். அப்புறம் அடிபட்டால் இழப்பீடு, தொழிற்சங்கம் என்று பின்னாலேயே எல்லாம் வரும்.

இந்தப் பயம் பழையது. 1955-ல் கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரிக்கு ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, முட்டிமோதும் அமெரிக்க ஆட்டம்) ஆடிய ஒருவர் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் நடத்தவில்லை என்று 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. அந்தக் காலத்தில் பிறந்ததுதான் 'ஸ்டூடண்ட்-அத்லெட்' என்ற சொல். வீரர்களை யாரும் ஊழியர்களாகக் கருதிவிடக் கூடாது என்பதற்காகவே அதை உருவாக்கியதாக, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸே பின்னாளில் எழுதினார்.

சரி, பேராசைக்கு வருவோம். 2010-ல் கல்லூரி அணிகள் ஆடும் மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டிகளை 14 ஆண்டுகள் ஒளிபரப்ப டி.வி. நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தொகை 1,080 கோடி டாலர். பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். அலபாமா பல்கலைக்கழக ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனுக்குக் கடைசி ஆண்டுகளில் ஒரு கோடி டாலருக்கும் மேல். அவரிடம் யாராவது "சாப்பாடு இலவசம்தானே?" என்று கேட்டார்களா?

அந்த இலவசச் சாப்பாட்டின் லட்சணத்தையும் கேளுங்கள். வீரர்களுக்கு நொறுக்குத் தீனியாக 'பேகல்' ரொட்டி கொடுக்கலாம், அதில் சீஸ் தடவிக் கொடுத்தால் விதிமீறல் என்று ஒரு காலத்தில் சட்டம் வைத்திருந்தார்கள்! 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த கூடைப்பந்து வீரர் ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகள் பசியோடு படுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த சில நாட்களிலேயே சாப்பாட்டுக் கட்டுப்பாடு போய்விட்டது. 'இலவசப் படிப்பு'ம் பல வருடங்கள் ஓராண்டு ஒப்பந்தம்தான். அடுத்த வருடம் ஸ்காலர்ஷிப் தொடருமா என்பது பெரும்பாலும் பயிற்சியாளரின் மனசைப் பொறுத்தது.

நீதிமன்றங்கள்தான் இதை உடைத்தன. வீரர்களுக்குக் கல்லூரிகள் தரும் கல்விச் சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்த உச்சவரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். சில நாட்களிலேயே வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. வீரர்கள் தொடுத்த இன்னொரு வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றத்தின் ஒப்புதல் பெற்ற சமரசத்தின்படி, முன்பு ஆடியவர்களுக்கு 280 கோடி டாலர் பாக்கி. சமரசத்தை ஏற்கும் ஒவ்வொரு கல்லூரியும் 2025-26 கல்வியாண்டிலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு 2.05 கோடி டாலர்.

கேட்பதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பங்கு பிரிக்கிற விதத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். அந்தப் பாக்கித் தொகையில் ஏறக்குறைய 90 சதவீதம் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. பெண்கள் கூடைப்பந்துக்கு 5 சதவீதம், மற்ற எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து இன்னொரு 5. கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972-லேயே சட்டம் போட்ட நாடு அது. அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீராங்கனைகள் சிலர் மேல்முறையீட்டுக்கும் போனார்கள்.