கனவு என்று தெரிந்த கனவு – கடிதம்

அன்புள்ள சார்,

லூசிட் கனவுகளை, அதாவது தெளிவோடு காணும் கனவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து என் கனவுகளை எழுதி வைக்கிறேன். அதில் மூன்று கனவுகள் குழப்புகின்றன. முதல் கனவில் பறந்தேன். மலை வேண்டும் என்று நினைத்தால் மலை வந்தது, எல்லாம் என் இஷ்டப்படி. ஆனால் அது கனவு என்ற எண்ணமே வரவில்லை, பறப்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை போலத்தான் இருந்தது. இரண்டாவதில் இறந்துபோன என் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பாதான் இப்போது இல்லையே, அப்படியென்றால் இது கனவு என்று உடனே புரிந்துவிட்டது. ஆனால் எதையும் மாற்ற முடியவில்லை. தான் இறந்துவிட்டது தெரிந்தால் அவர் மனம் வருந்துவாரே என்று அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். மூன்றாவதில், நேற்று ஒரு லூசிட் கனவு கண்டேன் என்று தோழியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விழித்த பிறகுதான் அந்தப் பேச்சே கனவு என்று தெரிந்தது.

கனவைக் கட்டுப்படுத்த முடிந்தால்தான் லூசிட் என்கிறார்கள் நண்பர்கள். அப்படிப் பார்த்தால் முதல் கனவு மட்டும்தான் தேறும். எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. எது சரி?

ம.

அன்புள்ள ம.,

உங்களுக்குத் தோன்றியதுதான் சரி. இரண்டாவதுதான் லூசிட் கனவு, மற்ற இரண்டும் இல்லை.

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அது கனவு என்று தெரிந்ததா? கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான். கட்டுப்பாடு, காட்சி எவ்வளவு துல்லியமாக இருந்தது, காலையில் எவ்வளவு ஞாபகம் இருந்தது, இதெல்லாம் கூடவே வரலாம், வராமலும் போகலாம். தூங்கிக்கொண்டிருக்கும்போது, தெரிவதெல்லாம் கனவுதான் என்று உள்ளே ஏதோ ஒன்று பல நேரம் சொல்கிறது என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான், கனவை வளைப்பது பற்றிய பேச்சே அங்கே இல்லை. உங்கள் முதல் கனவில் சக்தி இருந்தது, அறிவு இல்லை. சாதாரணக் கனவிலேயே நாம் பறப்போம், சுவரைத் துளைத்துக்கொண்டு போவோம், செத்தவரோடு சேர்ந்து சாப்பிடுவோம், எதுவும் விசித்திரமாகத் தோன்றாது. பறந்தீர்கள் என்பதை விட, பறப்பதில் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

ஆய்வுக்கூடத்திலும் இதைத்தான் பார்க்கிறார்கள். கனவுகள் அதிகம் வரும் ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் ஏறக்குறைய செயலிழந்து கிடக்கும், கண்கள் மட்டும் அசையும். இதை வைத்துக்கொண்டு 1975ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஒரு சோதனை செய்தார். ஆலன் வொர்ஸ்லி என்பவர், கனவு என்று தெரிந்ததும் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்தார், கருவி அதைப் பதிவு செய்தது. ஹெர்னைச் சார்ந்திராமல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜும் இதையே செய்து காட்டினார். 2021ல் வெளியான நான்கு நாட்டு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. தூங்குகிறவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டார்கள், ஒருவர் கனவுக்குள் இருந்தபடியே கண் அசைவால் இரண்டு என்று பதில் சொன்னார். மலையை வரவழைக்கும்படி யாரும் யாரையும் கேட்கவில்லை. தூக்கத்தில் இருக்கிறோம் என்பது தெரிந்து, செய்ய வேண்டியதும் நினைவுக்கு வந்தால் அதுவே சான்று.

உங்கள் அப்பா வந்த கனவுக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். கனவு என்று தெரிந்த பிறகும் அவர் மனம் நோகும் என்று பயந்திருக்கிறீர்கள். அப்படிப் பயந்தால் உண்மையில் தெரியவில்லை என்றுதானே அர்த்தம் என்று உங்கள் நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. டெய்ட்ரி பாரெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1992ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார். கனவு என்று தெரிந்தவர்களுக்கு அதிலிருந்து தானாகவே புரிய வேண்டிய மற்றவையும் புரிந்தனவா? எதிரே இருப்பவர் கனவில் வரும் ஆள்தான், பொருள்கள் நிஜமில்லை, இயற்கை விதிகள் இங்கே செல்லாது என்பவை புரிந்தனவா, விழிப்பு வாழ்க்கையின் நினைவு முழுசாக இருந்ததா? நான்கும் சேர்ந்து இருந்த கனவுகள் குறைவு. கனவு என்று நன்றாகத் தெரிந்தவர்களே கனவில் வந்த ஆளை நிஜ மனிதராக நினைத்து நடந்துகொள்வது சகஜம். விடியும்போது எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வராதது போலத்தான் இந்தத் தெளிவும். உங்களுக்கு ஓர் அறையில் வந்திருக்கிறது. நினைவு சரியாக வேலை செய்தது, அப்பா இல்லை என்பது ஞாபகம் வந்தது, அதிலிருந்து இது கனவு என்ற முடிவுக்கு நீங்களே வந்தீர்கள். தூக்கத்தில் இப்படி யோசித்து ஒரு முடிவுக்கு வருவது எவ்வளவு அபூர்வம்! அதைத் தேறாத கனவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது சுலபம். லூசிட் கனவைப் பற்றிப் பேசினீர்கள், பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அது கனவு என்று தெரியவில்லை. இது கனவா என்று சந்தேகப்பட்டு, சேச்சே நிஜம்தான் என்று முடிவு கட்டுவதும் சேராது. விழித்து எழுந்து பல் தேய்ப்பது போலவே கனவு வருமே, அதுவும் அப்படித்தான்.

கஷ்டம் வேறொன்றில் இருக்கிறது. வீட்டில் கருவி கிடையாது, ஞாபகம் ஒன்றுதான் சாட்சி. அந்த ஞாபகமும் விழித்த உடனே கதையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிடும், அப்போதே தெரிந்த மாதிரி இருந்ததே என்று பின்னால் சேர்த்துவிடும். அதனால் எழுதும்போது, எந்த இடத்தில் தெரிந்தது, எதைப் பார்த்துத் தெரிந்தது என்ற இரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காமல், என்னவோ தெரிந்த மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்ல முடிகிற கனவை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். உங்கள் அப்பா கனவுக்கு இரண்டுக்குமே தெளிவான விடை இருக்கிறது.

அவரை மறுபடி சந்திக்கும்போது பேச வேண்டும் என்று இருந்தால், லபெர்ஜ் சொன்ன முறை ஒன்று உண்டு. கனவிலிருந்து விழித்ததும் அதே கனவை மனதில் ஓட்டிப் பார்த்து, அதற்குள் இருக்கும்போது கனவு என்று தெரிந்துகொள்வதாகக் கற்பனை செய்துகொண்டு, அடுத்த கனவில் இது ஞாபகம் வர வேண்டும் என்ற எண்ணத்தோடு தூங்கப் போவது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், கனவுக்குள் போன பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. அலாரம் வைத்து எழுந்தெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், தானாக விழிப்பு வரும் நாளில் செய்தால் போதும்.