ஸ்லோ குக்கர் வாங்கினால் பணம் மிச்சமாகுமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளியில் படிக்கும் குழந்தைகள் இருவர். காலை ஏழரை மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடுகிறது. சமைக்கத் தெம்பில்லாமல் வாரத்தில் மூன்று நாட்களாவது வெளியிலிருந்து சாப்பாடு வரவழைக்கிறோம். அதே அளவு சாப்பாட்டை வீட்டில் செய்தால் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகிறது. மின்சாரத்தில் மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் ஸ்லோ குக்கர் ஒன்று இந்த வாரம் மட்டும் தள்ளுபடியில் கிடைக்கிறது. நான்கு முறை ஆர்டர் செய்யும் பணம்தான் அதன் விலை; தள்ளுபடி முடிந்தால் ஆறு ஆர்டர் விலை ஆகிவிடும். மின்சாரமும் மிச்சமாகும் என்று விளம்பரம் சொல்கிறது. கணவரோ, “வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. ஜூஸரும் சாண்ட்விச் மேக்கரும் பரணில் தூங்குகின்றன. இது எதற்கு?” என்கிறார். வாங்கலாமா? தவணையில் வாங்கும் வசதியும் இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விலையை ‘நான்கு ஆர்டர்’ என்று சொன்னீர்களே, பாதி வேலையை அங்கேயே முடித்துவிட்டீர்கள். இந்தப் பதில் முழுக்க அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாரம் வாங்காதீர்கள். ஒரு மாதம் கழித்து வாங்குவது சரியாக இருக்கலாம், வாங்கவே தேவையில்லை என்றும் ஆகலாம். எது என்பதை அந்த மாதமே காட்டிவிடும்.

விளம்பரத்தின் மின்சாரக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நான்கு பேருக்குச் சமைக்கக்கூடிய ஸ்லோ குக்கர் சுமார் 200 வாட் மின்சாரம் எடுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். குறைந்த சூட்டில் வைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அதே சமையலைப் பிரஷர் குக்கரில் வைத்து இன்டக்ஷன் அடுப்பில் ஏற்றுங்கள். 2,000 வாட்டில் பத்து நிமிடம், பிறகு 500 வாட்டில் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அரை யூனிட்டில் வேலை முடிகிறது. நீராவியின் அழுத்தம் கூடுவதால் பிரஷர் குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஸ்லோ குக்கரில் அது 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் நாள் முழுக்க வேக வேண்டியிருக்கிறது, அவ்வளவு நேரமும் பாத்திரத்தின் பக்கங்கள் வழியாகச் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் விளம்பரம் பொய்யா? இல்லை, ஒப்பீட்டைத் தனக்குச் சாதகமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மின்சார ஓவனில் மூன்று மணி நேரம் இறைச்சியை வேகவைக்கும் வீட்டில் இரண்டு மூன்று யூனிட் செலவாகலாம். அந்த வீட்டுக்கு ஸ்லோ குக்கர் சிக்கனம். உங்கள் வீட்டில் இருப்பது பிரஷர் குக்கர். வாரம் ஒருமுறை ஸ்லோ குக்கரில் சமைத்தால் ஆண்டுக்கு ஐம்பது யூனிட் போல உங்களுக்குக் கூடுதலாகத்தான் ஆகும். அது பெரிய தொகையல்ல. ஆனால் மின்சாரம் மிச்சமாகும் என்ற காரணத்துக்காக நீங்கள் இதை வாங்க முடியாது.

உங்கள் பணம் ஒழுகுவது மீட்டரில் அல்ல, மாலை ஆறரை மணிக்கு. ஸ்லோ குக்கருக்கு ஏதாவது பண மதிப்பு உண்டென்றால், அந்த நேரத்தில் கொடுக்காமல் விட்ட ஆர்டரில்தான் உண்டு. ஒரு ஆர்டரைத் தவிர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு கையில் நிற்கும். நான்கு ஆர்டர் விலையுள்ள பொருள் தன் விலையை மீட்க ஆறு ஆர்டர்களைத் தடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறு வாரம். வீட்டு உபயோகப் பொருள் எதுவும் இவ்வளவு சீக்கிரம் போட்ட பணத்தைத் திருப்பித் தருவது அரிது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குக்கரை எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்பது பொருட்டே அல்ல. எப்படியும் வீட்டில் சமைத்திருக்கக்கூடிய ஒரு நாளில் அதைப் பயன்படுத்தினால் மிச்சம் பூஜ்யம். மின்சாரத்தையும் சேர்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே. விடுமுறை நாளில் ஆசையாக ஏதாவது செய்து பார்ப்பீர்கள், நன்றாகவும் வரும், ‘உபயோகமாகத்தான் இருக்கிறது’ என்று மனம் சமாதானம் சொல்லும். வாரநாள் ஆர்டர்கள் மூன்றும் மூன்றாகவே தொடரும். சமையலறைச் சாதனங்களில் போட்ட பணம் பெரும்பாலும் இப்படித்தான் வீணாகிறது. பொருள் நன்றாக வேலை செய்யும், செலவு மட்டும் குறையாது.

இப்போது கணவருடைய கேள்விக்கு வருகிறேன். பரணில் கிடப்பவற்றுக்குக் கொடுத்த பணம் போனதுதான். அதற்காகப் புதிய பொருளைத் தண்டிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவருடைய வாதத்தில் விஷயம் இருக்கிறது. பரணுக்குப் போன இரண்டும் உங்கள் வீட்டுப் பழக்கத்துக்குச் சாட்சிகள். அவை ஏன் மேலே போயின என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கழுவச் சிரமம், மேடையில் இடமில்லை என்பவை காரணம் என்றால், ஸ்லோ குக்கரும் அதே வழியில்தான் போகும். பீங்கான் பாத்திரத்தோடு சேர்த்து அது நல்ல கனம். காலை ஏழு மணி அவசரத்தில் யாரும் அதைப் பரணிலிருந்து இறக்கப் போவதில்லை. மேடையில் நிரந்தரமாக ஓரிடம் ஒதுக்க முடியாவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

ஒரு மாதச் சோதனை என்றேன் அல்லவா? ஸ்லோ குக்கர் வேலையைக் குறைப்பதில்லை, மாலை வேலையைக் காலைக்கு நகர்த்துகிறது. நறுக்குவதும் அரைப்பதும் தாளிப்பதும் அப்படியேதான் இருக்கும். ஆகவே, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, முந்தைய இரவே எல்லாவற்றையும் நறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். மாலை வந்ததும் இருக்கிற பிரஷர் குக்கரில் ஏற்றுங்கள். அரை மணி நேரத்தில் தயார். நான்கு வாரம் இதைச் செய்துவிட்டு, என்ன நடந்தது என்று பாருங்கள்.

அந்த நாட்களில் ஆர்டர் நின்றுபோயிருந்தால், உங்களுக்குத் தேவைப்பட்டது முன்னேற்பாடு மட்டுமே. குக்கர் வேண்டாம். நறுக்கி வைத்திருந்தும், குழந்தைகள் பசியில் அழ, அந்த அரை மணி நேரம் காத்திருக்க முடியாமல் போனைக் கையில் எடுத்திருந்தால், ஸ்லோ குக்கர் உங்களுக்காகவே செய்யப்பட்ட பொருள். கதவைத் திறக்கும்போதே சாப்பாடு தயாராக இருப்பதுதான் அதன் ஒரே சிறப்பு. முந்தைய இரவு நறுக்கவே முடியவில்லை என்றாலோ, எந்த இயந்திரமும் உதவாது. அப்போது உங்கள் சிக்கல் வீட்டு வேலைப் பங்கீடு. அதற்குத் தீர்வு கணவரிடமும் இருக்கிறது.

காத்திருந்தால் தள்ளுபடி போய்விடுமே என்று தோன்றும். போகட்டும். அதிகபட்ச இழப்பு இரண்டு ஆர்டர் விலை. தேவையில்லாமல் வாங்கினால் இழப்பு நான்கு. சோதனை நடக்கும் நான்கு வாரத்தில் வாரம் ஒரு ஆர்டரைத் தவிர்த்தாலே இரண்டரை ஆர்டருக்கும் மேலான பணம் மிஞ்சுகிறது. தள்ளுபடியைவிட அது அதிகம்.

சோதனையின் முடிவில் வாங்குவது என்று தீர்மானித்தால், காசு கொடுக்கத் தகுந்த வசதி ஒன்றே ஒன்றுதான். சமையல் நேரம் முடிந்ததும் தானாகவே ‘சூடாக வைத்திருக்கும்’ நிலைக்கு மாறும் அமைப்பு. நீங்கள் பதினொரு மணி நேரம் வெளியே இருக்கிறீர்கள், பெரும்பாலான சமையலுக்கு எட்டு மணி நேரம் போதும். வெறும் திருகு மட்டும் உள்ள மலிவான மாடலில் மீதி மூன்று மணி நேரமும் வெந்து, காய் குழைந்து கூழாகிவிடும். அதைச் சாப்பிடப் பிடிக்காமல் குழந்தைகள் தட்டைத் தள்ளினால் அன்றைக்கும் ஆர்டர்தான். தாமதமாகத் தொடங்கும் டைமருக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். பச்சை இறைச்சியைச் சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பது ஆபத்து. 5 முதல் 60 டிகிரிக்கு இடைப்பட்ட வெப்பத்தில்தான் பாக்டீரியா வேகமாகப் பெருகும். அதே காரணத்தால், உறைந்த இறைச்சியை நேராகக் குக்கரில் போடுவதும், பழைய சாப்பாட்டை அதில் வைத்துச் சூடாக்குவதும் கூடாது. மின்சாரம் அடிக்கடி தடைபடும் இடத்தில் வசிக்கிறீர்கள் என்றால், ஆள் இல்லாத வீட்டில் இதை ஓடவிடும் யோசனையையே நான் ஆதரிக்க மாட்டேன். எவ்வளவு நேரம் நின்றுபோயிருந்தது என்று தெரியாத சாப்பாட்டை நம்ப முடியாது.

அளவில் பேராசை வேண்டாம். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பினால்தான் இது ஒழுங்காக வேகும். நான்கு பேருக்கு மூன்றரை முதல் நான்கு லிட்டர் போதும். ஆறு லிட்டர் வாங்கினால், நிரப்புவதற்காகவே அதிகம் சமைத்து, மிஞ்சியதைக் கொட்டுவீர்கள். பீங்கான் பாத்திரம் மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் விட்டுவிடும். மாற்றுப் பாத்திரம் கிடைக்காவிட்டால் மொத்தக் குக்கரும் குப்பைக்குத்தான்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கனமாகச் சமைக்க நினைப்பவர்கள் முதலில் நாடுவது காய்ந்த பயறுகளை. அதில் தவறில்லை, ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், விலைக்கு ஏற்ற புரதம். ஆனால் சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடக்கூடாது. அதில் இயற்கையாகவே இருக்கும் லெக்டின் என்ற நச்சு, முழுக் கொதிநிலையில்தான் அழியும். 80 டிகிரி அளவுக்கு மட்டும் சூடாகும்போது நச்சுத்தன்மை குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யலாம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே குக்கருக்கு மாற்றுங்கள். பிரஷர் குக்கரில் வேகவைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கணவர் இந்தப் பத்தியைப் படித்தால் ஒரு மதிப்பெண் அவருக்கு.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் இன்னொரு சிறு லாபமும் உண்டு. விலை குறைந்த, நாரும் சவ்வுமான இறைச்சித் துண்டுகளில் கொலாஜன் என்ற கடினமான புரதம் அதிகம். மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகும்போது அது ஜெலட்டினாக உருகி, கடினமான துண்டும் விரலால் பிய்க்கும் அளவுக்கு மிருதுவாகிவிடும். கசாப்புக் கடையில் மிச்சமாகும் பணத்தைத் தனியாகக் குறித்து வாருங்கள். ஆனால் வாங்குவதற்கான காரணமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்லோ குக்கருக்கு வழிவகுத்த சாதனத்துக்கு அமெரிக்காவின் இர்விங் நாக்ஸன் 1940-இல் காப்புரிமை பெற்றார். 1970-களில் ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் அது பெரிய விற்பனையைக் கண்டபோது, பகல் முழுவதும் வேலைக்குப் போகும் பெண்களை மனத்தில் வைத்துத்தான் விற்கப்பட்டது. உங்களைப் போன்ற வீடுதான் அதன் இலக்கு. பகலில் யாராவது வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கும், தினமும் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் இது சுவைக்கான பொருளே தவிர, சேமிப்புக்கானது அல்ல. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கினால் நான் தடுக்க மாட்டேன், பொழுதுபோக்குச் செலவில் எழுதிக்கொள்ளட்டும்.

தவணை வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்றாலும் பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று வரும், அல்லது மொத்தமாகக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. அதற்குப் பதிலாக, இந்த வாரத்திலிருந்து தவிர்க்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் மூன்றில் இரண்டு பங்கைத் தனிக் கணக்கிலோ டப்பாவிலோ அன்றே போட்டு வாருங்கள். ஒன்பதாவது ஆர்டரைத் தவிர்க்கும் நாளில், தள்ளுபடி இல்லாத ஆறு ஆர்டர் விலை, அதாவது குக்கரின் முழு விலையும் அதில் சேர்ந்திருக்கும். அந்த ஒன்பதையும் பழைய பிரஷர் குக்கரே தடுத்திருந்தால், சேர்ந்த பணத்தைக் குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்துக்குத் திருப்பிவிடுங்கள்.