பல்கலைக்கழக ஆராய்ச்சியால் வன்னிக் கிராமங்களுக்கு உண்மையிலேயே பயன் இருக்கிறதா, இல்லை பட்டம் வாங்குவதற்கு மட்டும்தானா?

இருக்கிறது. ஆனால் முடிவு ஊருக்குத் திரும்பி வந்தால்தான்.

நான் வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் படித்தவள். அப்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 2021 ஆகஸ்ட்டில்தான் தனிப் பல்கலைக்கழகமானது. இறுதியாண்டு ஆய்வுக்குக் கிணற்று நீரை எடுத்துக்கொண்டேன். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினம், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். அதைக் கண்ணால் பார்க்கலாம். நீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு என்ற தாதுப்பொருளைப் பார்க்க முடியாது, ருசியிலும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடிக்கும் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று பிள்ளைதான் ஏச்சு வாங்கும்.

ஒரு வீட்டில், அதே கிணற்றுத் தண்ணீரால் பிளாஸ்டிக் போத்தலை அலசிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா கேட்டார்: "போன வருசமும் ரெண்டு பேர் வந்து தண்ணி அள்ளிக்கொண்டு போனவை, பிள்ளை. மறுமொழி சொல்லுறம் எண்டவை. இன்னும் காணேல்லை. நாங்கள் இதைக் குடிக்கலாமோ, கூடாதோ?"

நியாயமான கேள்வி. போருக்குப் பிறகு வன்னியில் படிவம் நிரப்பிக் களைத்துப்போகாத வீடு குறைவு. என் மேற்பார்வையாளர் நல்லவர். ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை போனபிறகும் விடவில்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தாளில் தமிழில் முடிவை எழுதிக் கொடுக்க வைத்தார். பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டமும் வைத்தோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும் என்று சொன்னபோது மண்டபமே சலசலத்தது. அதுவரை கொதித்தாறிய நீர் என்றால் எல்லாவற்றுக்கும் மருந்து என்றுதான் நினைத்திருந்தார்கள். அப்புறம் சிலர் குடிக்க மட்டும் மழைநீரைத் தொட்டியில் பிடிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆய்வின் பயன் என்று நான் சொல்வது இதைத்தான். எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகத்திடம் பதில் இருக்காது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, வவுனியாவிலும் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இன்றுவரை ஒரே காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. "தண்ணிதான் காரணம்" என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் ஒதுங்கியே நில்லுங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. விவசாய பீடம் போரால் யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வந்தது. நெல்லைப் பற்றி ஆராய்பவருக்கு வயல் பக்கத்தில் இருப்பதே பெரிய வசதி. நெல்லின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்திப் பூச்சி அடித்தால் அன்றைக்கே போய்ப் பார்க்கலாம்.

சரி, உங்கள் வளவுக்கும் யாராவது போத்தலோடு வந்தால் மாதிரி இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். முடிவு எப்போது, யார் மூலம் வரும் என்று அங்கேயே கேளுங்கள். வரட்சியில் எடுத்தால் மாரி முடிய இன்னொருமுறை வரச் சொல்லுங்கள், ஏனென்றால் மழைக்குப் பிறகு அளவு மாறும். கிராம சேவகரிடமும் ஒரு பிரதி கொடுக்கச் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.