போதகர் இல்லாமல் வாசிக்கலாமா?

கேள்வி: வேதாகமத்தை நானே வாசித்தால் பிழையாக விளங்கிக்கொள்வேனோ என்று பயம். என்ன செய்வது? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தாராளமாக வாசியுங்கள், தங்கச்சி. பெரோயா ஊரார் அப்போஸ்தலர் பவுல் சொன்னதையே வேதத்தோடு தினமும் ஒத்துப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை மெச்சுகிறது. ஆனால் ஒற்றை வசனத்தோடு நின்றுவிடாதீர்கள். வெள்ளவத்தையில் நான் ஏறிய ஓட்டோவில் 'எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு' என்று ஒட்டியிருந்தது. பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் வரும் வசனம், பிலிப்பியர் 4:13. பரீட்சைக்கும் வியாபாரத்துக்கும் நாம் சொல்வதும் இதைத்தான். சரி, முந்தின வசனத்தைப் பாருங்கள்: நிறைவோ பட்டினியோ, இரண்டுக்கும் பழகிவிட்டேன் என்கிறார் பவுல், அதுவும் காவலில் இருந்துகொண்டு! தாங்கும் பெலனைத்தான் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இன்றுள்ள வசன எண்கள் புதிய ஏற்பாட்டுக்கு வந்ததே 1551இல்தான்; பவுல் எழுதியது கடிதம். நான்கே அதிகாரம், இன்றிரவே ஒரே மூச்சில் வாசியுங்கள். விளங்காததைக் கொப்பியில் குறித்துவைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கேளுங்கள்.