ஃப்ளெக்ஸில் மட்டும் மகன்

கேள்வி: முப்பது வருடமாக மெல்லிசைக் குழு நடத்துகிறேன். ஒரே பையன். ஒன்பது வயதில் கீபோர்டு முன்னால் உட்கார வைத்தேன். 19 வயதில் இருந்து ஐந்து வருடம் குழுவில் வாசித்தான். ஒருநாள் கச்சேரி முடிந்து வேனில் வரும்போது கணக்குக் கேட்டான், பேச்சு முற்றிவிட்டது, பாதி வழியில் இறங்கிப் போனவன்தான். நான்கு வருடமாகச் சென்னையில் இருக்கிறான். அவன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறான். எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, இன்றுவரை எங்கள் ஃப்ளெக்ஸில் நடுவில் அவன் படம்தான் இருக்கிறது. போன மாதம் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் பார்த்தேன். பிள்ளைகளுக்கு மேனேஜராக இருந்த அந்த அப்பா மர்ரி வில்சனைப் பார்த்ததில் இருந்து தூக்கம் இல்லை. நானே நேரில் போய் அவனைக் கூட்டி வந்துவிடலாமா, அவனாக வரட்டும் என்று காத்திருக்கலாமா?
பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: ஐயா, தூக்கம் வராதது நல்லதுதான், இன்னும் கொஞ்ச நாள் வராமலே இருக்கட்டும். காலம் ஆற்றிவிடும், ரத்த பாசம் எங்கே போகும் என்றெல்லாம் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு வரும் அப்பாக்களின் கடிதத்தில் பாதி இதே கதைதான். ஒருவருக்கு லாரி, ஒருவருக்கு மளிகைக் கடை, இன்னொருவருக்குச் சமையல் கான்ட்ராக்ட். தொழில்தான் வேறு, கணக்குக் கேட்டுவிட்டு வெளியே போன பையன் எல்லாவற்றிலும் இருக்கிறான்.

போகலாமா காத்திருக்கலாமா என்பது அப்புறம். முதலில் அந்த ஃப்ளெக்ஸுக்கு வாருங்கள்.

அவன் போய் நான்கு வருடம் ஆகிறது. நான்கு வெயிலும் நான்கு மழையும் ஒரே ஃப்ளெக்ஸ் தாங்காது, எனவே புதிதாக அடித்திருக்கிறீர்கள், ஒருமுறை இல்லை, பலமுறை. ஒவ்வொரு தடவையும் பிரிண்டிங் கடையில் உட்கார்ந்து, தம்பி அந்தப் பழைய போட்டோவையே நடுவில் போடு என்று சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பாசம் என்கிறீர்கள். சரி, புக்கிங்குக்கு வருகிற விழாக் கமிட்டிக்காரர், "உங்க பையன் வர்றாப்லதானே, அவர் வாசிச்சா கூட்டம் நிக்கும்" என்று கேட்டால் என்ன பதில் சொல்கிறீர்கள்? வரமாட்டான், என்னோடு பேசுவதில்லை என்றா? அப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் படம் இத்தனை நாள் அங்கே இருந்திருக்காது. சிரித்து மழுப்பிவிட்டு அட்வான்ஸ் வாங்கியிருப்பீர்கள், கச்சேரி அன்றைக்கு வேறு யாரோ ஒரு பையன் கீபோர்டில் உட்கார்ந்திருப்பான்.

பாசம் காட்ட வேண்டிய படம் என்றால் வீட்டுக்கூடத்தில் மாட்டியிருப்பீர்கள். ஊர் எல்லையில், போன் நம்பருக்கு மேலே இருக்கிற படம் வியாபாரத்துக்கு இருக்கிற படம். வேனில் அவன் கேட்ட கணக்கும் இதுதான், இன்னும் அவன் முகத்தை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் கணக்குச் சொல்லவில்லை. அவன் சொந்த ஊருக்கு வரவில்லையே என்று வருத்தப்படுகிறீர்களே, பஸ் திரும்புகிற இடத்தில் தன் முகமே தன்னைப் பார்த்துச் சிரித்தால் அந்தப் பிள்ளை எப்படி வருவான்?

இப்போது உங்கள் ஆவணப்படம். 2024இல் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தபோது நானும் பார்த்தேன். மர்ரி வில்சனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவர் பிள்ளைகளை அடித்ததைத்தான் பேசுவார்கள், பிள்ளைகளே அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போகவில்லையே என்று நீங்களும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பீர்கள், அதனால்தான் சொல்கிறேன், அந்த வீடு உடைந்தது அடியால் மட்டும் இல்லை. மர்ரியும் பாட்டு எழுதிப் பார்த்தவர், பெரிதாக எடுபடவில்லை. கலிஃபோர்னியாவில் ஹாத்தார்ன் என்ற ஊரில் குடியிருந்துகொண்டு இயந்திரத் தொழில் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகளுக்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, 1962இல் கேபிட்டல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், நீங்கள் பட்ட பாட்டையும் குறைத்துச் சொல்லமாட்டேன். 1964இல் பிள்ளைகளே அவரை மேனேஜர் வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஒரு ஒலிப்பதிவு நடக்கும்போது குடித்துவிட்டு உள்ளே வந்து, நானும் ஒரு மேதைதான் என்று மூத்த மகன் பிரையனிடம் மல்லுக்கு நிற்கிறார், அந்த நாடா இன்றும் இருக்கிறது, கேட்டால் நமக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் வேலை போனாலும் பாட்டுகளின் பதிப்புரிமை அவர் கையில்தான் இருந்தது. 1969இல், இனி இதற்கெல்லாம் மவுசு இல்லை என்று முடிவுகட்டி, மகன் எழுதிய பாட்டுகளை மொத்தமாக ஏழு லட்சம் டாலருக்கு விற்றார்.

பிரையன் 1989இல் வழக்குப் போட்டு அப்புறம் இழப்பீடு வாங்கினார், உரிமை திரும்ப வரவில்லை. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1973 ஜூனில் மர்ரி மாரடைப்பில் இறந்தபோது, பிரையனும் தம்பி டென்னிஸும் சாவுக்குப் போகவில்லை. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காத விஷயம், அப்பன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் கடைசிக் காரியத்துக்குப் பிள்ளை வந்து நிற்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள் நான். ஆனால் அவர்கள் வராமல் போனதற்கான காரணத்தை அப்பாவே பல வருடமாகச் சேர்த்துவைத்தார் என்பதையும் பார்க்கத்தானே வேண்டியிருக்கிறது.

என் சித்தப்பா நாயனம் வாசித்தவர், சொந்தமாக செட் வைத்திருந்தார். திருவிழா முடிந்த விடியற்காலையில் கோயில் மண்டபத்தில் துண்டை விரித்துப் பணத்தைக் கொட்டிப் பங்கு பிரிப்பார். தவிலுக்கு இவ்வளவு, ஒத்துக்கு, தாளத்துக்கு இவ்வளவு, அப்புறம் கூட வாசித்த மகனுக்கு இவ்வளவு. அவன் பங்கை அவன் கையில் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொல்வார். அவன் எண்ணி முடித்த பிறகு, "வீட்டுச் செலவுக்கு என்னடா தருவே?" என்று கையை நீட்டுவார். எல்லாம் ஒரே அடுக்குப் பானைக்குத்தான் போகப்போகிறது, எதற்கு இந்த நாடகம் என்று சித்தி சலித்துக்கொள்வாள். அந்த மகன் கடைசிவரை அவர் காலடியில் இருந்தான், சாகும்போது வாயில் தண்ணீர் விட்டதும் அவன்தான்.

வீட்டுப் பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், எல்லாம் அவனுக்குத்தானே சேர்த்துவைக்கிறேன் என்று. பெற்றவன் பிள்ளையை வளர்க்கிறது கடமை, அதற்கு பில் கிடையாது. அவன் ராத்திரி இரண்டு மணிவரை வாசித்தானே, அது உழைப்பு, அதற்குக் கூலி உண்டு. ஒன்றுக்கு மற்றதைக் கழித்துக்கொண்டதால்தான் வேன் பாதி வழியில் நின்றது.

எனவே சென்னைக்குப் போகாதீர்கள். கூட்டி வருவது என்று எழுதியிருக்கிறீர்கள், அவன் என்ன காணாமல் போன கன்றுக்குட்டியா? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பழைய டைரிகளில் தேதி இருக்கும், குழு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடமாட்டார்கள். வருடத்துக்கு 60 கச்சேரி என்று வைத்தால்கூட ஐந்து வருடத்துக்கு 300 ராத்திரி. வெளியாள் வாசித்திருந்தால் ராத்திரிக்கு என்ன கொடுத்திருப்பீர்களோ அதை எழுதுங்கள். சாப்பாடு, துணி, கீபோர்டு வாங்கிய காசு என்று ஒன்றையும் கழிக்காதீர்கள், கை அரிக்கும், கழிக்காதீர்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் மாதாமாதம் அவன் கணக்கில் போடுங்கள். நோட்டை அவன் அம்மா மூலமாகக் கொடுத்தனுப்புங்கள், கூடவே கடிதம் கிடிதம் வேண்டாம், "அப்பா அழுவுறார்டா" என்று அந்தம்மாவைச் சொல்லவைக்கவும் வேண்டாம்.

பதில் வராமலும் போகலாம். வராவிட்டாலும் மாதத் தவணை நிற்கக் கூடாது.

அதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ். ஆடி வந்தால் அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக இருக்குமே, அதற்குள் புதிதாக அடித்துவிடுங்கள், நடுவில் இப்போது வாசிக்கிற பையன் படம் வரட்டும். பழையதை மாட்டுக்கொட்டகைக்குப் போர்த்த யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். சுருட்டிப் பரணில் வையுங்கள்.